பலாப்பலகை மேல் வைத்த விளக்கு

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அக்கா ஆடுகிற பலகை மேல் குத்துவிளக்கு நின்றது. ஐந்து திரிகளும் எரிந்துகொண்டிருந்தன.

இடுப்பு உயரப் பித்தளை விளக்கு. அடியில் தலைவாழை இலை, இலையில் பச்சரிசி. எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். அது தண்டில் இறங்கி, இலையின் நரம்பு வழியாக ஓடி, பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு மரம் ஏற்கெனவே கறுத்துவிட்டது.

தேவயானி அக்கா மேடைக்குக் கீழே நின்று அதைப் பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"ரேணு, மணி இன்னா?"

"மூணு."

மூன்றரைக்கு அவள் ஆட வேண்டும்.

புதூர்நாட்டுச் சந்தை மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். மலைச்சாரல் கலை மன்றத்தின் ஆண்டு விழா. மன்றத்தை நடத்துகிறவர்கள் அடிவாரத்து ஆட்கள். வருடத்துக்கு ஒருநாள் மலையேறி வந்து, ஒலிபெருக்கி கட்டி, எங்களைப் பற்றி எங்களிடமே பேசிவிட்டு இறங்கிப் போவார்கள். நிகழ்ச்சி நிரலில் அக்காவின் பெயருக்கு நேரே 'மலைவாழ் மக்களின் பாரம்பரிய நடனம்' என்று அச்சடித்திருந்தார்கள். அக்கா எழுதிக் கொடுத்த தாளில் அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை.

அக்கா ஆடுவதற்கு ஒரே வார்த்தையில் பெயர் கிடையாது. பன்னிரண்டு வயதில் திருவண்ணாமலையில் விடுதியில் தங்கிப் படித்தபோது பரதநாட்டியம் கற்க ஆரம்பித்தாள். பிறகு சென்னையில் ஒரு நவீன நடனக் குழுவில் ஆறு வருடம் இருந்தாள். அங்கே வந்த ஒருவரிடம், அடியில் இரும்புத் தகடு வைத்த ஷூவால் தரையைத் தட்டி ஆடும் டாப் நடனத்தைக் கற்றுக்கொண்டாள். இப்போது இடது காலில் சலங்கை, வலது காலில் அந்த ஷூ. பாட்டு இல்லை, பக்கவாத்தியம் இல்லை. அடவு, தாளம் எல்லாம் கால்தான்.

சபாக்காரர்கள் ஷூவைப் பார்த்துவிட்டு, இது பரதம் இல்லை என்றார்கள். நவீன நடனக்காரர்கள் சலங்கையைப் பார்த்துவிட்டு, இதில் பழைய வாசனை அடிக்கிறது என்றார்கள். எங்கள் ஊரில் தகட்டைப் பார்த்துவிட்டு லாடம் என்றார்கள். மாட்டுக்கே நாலு காலுக்கும் அடிக்கிறோம், உனக்கு ஏன் ஒரு கால் என்று கேட்டவர்களும் உண்டு.

பலகை எங்கள் நிலத்துப் பலா. இரண்டு வருடத்துக்கு முன் காற்றில் சாய்ந்த மரம். மிருதங்கம் கடைவது பலாவில்தான் என்பதால் அக்கா அதை விற்க விடவில்லை. அம்மாவின் தம்பி சின்னராஜ் மாமா தச்சர். அவர் ஏழு பலகைகளாக இழைத்து, ஆணி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து, ஆறடி நீளமும் நாலடி அகலமுமாகச் செய்து கொடுத்தார்.

நான் இயற்பியல் படித்தவள். என் வேலை பலகையின் அடிப்பகுதி. அதன் மேல் சாமையைத் தூவினேன். அக்கா ஓரத்தில் நின்று மிதித்தாள். சாமை குதித்து ஓடிய இடங்களில் மரம் பேசுகிறது என்று பொருள். ஓடிய சாமை வந்து ஒதுங்கிய இடங்களில் மரம் ஊமை. ஊமையான இடங்களுக்கு அடியில் மட்டும் கட்டை கொடுத்து, கட்டைக்கும் பலகைக்கும் நடுவில் சைக்கிள் டயர் துண்டு வைத்தோம். மூன்று சிறிய ஒலிவாங்கிகளை அடியில் ஒட்டினேன். எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆனது.

பலகையின் நடுவில் சாமை ஒரு நொடிகூட நிற்காத இடம் ஒன்று இருந்தது. மிதித்தால் 'தொம்' என்ற சத்தம் கேட்கிறவர்களின் அடிவயிற்றில் போய் இறங்கும். அக்காவின் நடனம் முழுவதும் அந்த இடத்துக்குப் போவதும் அங்கிருந்து விலகுவதும்தான்.

விளக்கை அங்கேதான் வைத்திருந்தார்கள்.

*

குமரேசன் மன்றத்தின் செயலாளர். ஆலங்காயத்தில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். வெள்ளைச் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றிருந்தார். அக்கா அவரிடம் போனாள். நான் பின்னால் நின்றேன்.

"சார், அது ஆடுற பலகை."

"தெரியும்மா. நல்லா மேடாட்டம் இருந்துச்சில்ல, மேடை மேல ஒரு மேடை. பெரியவரு வெளக்கு ஏத்துறப்ப போட்டோவுக்கு ஜம்முனு வந்துச்சு."

"எடுத்து ஓரமா வெச்சிடலாமா?"

"இன்னாம்மா பேசுற. ஏத்துன வெளக்க நகத்துவாங்களா? விழா முடியிற வரைக்கும் அது அங்கதான் எரியணும். சம்பிரதாயம். உங்க மலைல அதெல்லாம் கெடையாதா?"

"மூணு மாசம் முன்னாடியே லெட்டர்ல எழுதினேன் சார். பலகை மேல எதுவும் வெக்கக் கூடாதுன்னு படம்கூட போட்டுக் குடுத்தேன்."

"நாற்காலியா வெச்சிட்டோம்? சாமி வெளக்குதான வெச்சிருக்கோம்."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நியாயம் பேசிவிட்டவர் முகம் அது.

"கீழ பாரு, செகப்பு கார்பெட் போட்டிருக்கு. அதுல ஆடிக்க. பஞ்சாட்டம் இருக்கும், காலு நோவாது. பென் டிரைவ்ல மலைப் பாட்டு ஒண்ணு கீது, போடச் சொல்றேன். தலைல ஒரு இறகு கிறகு வெச்சிக்கினா இன்னும் நல்லாருக்கும்."

"எங்க ஊர்ல யாரும் தலைல இறகு வெக்க மாட்டாங்க சார்."

"மேடைக்குத்தானம்மா கேக்குறேன்."

கார்பெட்டில் அக்கா ஆடினால் ஒரு சத்தமும் வராது. வாயில் துணியை அடைத்துவிட்டுப் பாடச் சொல்வது போல. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடிப்பதற்குள் அவர் வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

முன்வரிசையில் ஜெயசுதா உட்கார்ந்திருந்தார். அவருக்காகத்தான் இதெல்லாம். சென்னையில் நடக்கும் ஒரு தாள விழாவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. எடுத்தால் பன்னிரண்டு ஊர்களில் மேடை. அவர்கள் வீடியோவை ஏற்பதில்லை. நேரில், மக்கள் முன்னால், குறைந்தது பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். பட்டியல் நாளையோடு முடிகிறது. ஐந்து மணிக்கு மலை இறங்கினால்தான் அவருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்.

அக்காவுக்கு முப்பத்தொரு வயது. இந்த வருடமும் இல்லை என்றால் ஷூவைக் கழற்றிவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள். வாணியம்பாடியில் ஒரு தனியார் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு நடனம் சொல்லித்தர ஆள் கேட்டிருந்தது. சொன்னால் செய்கிறவள் அக்கா.

சின்னராஜ் மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா இப்ப? நான் தூக்கி வெச்சிட்டு வர்றேன். எவன் இன்னா பண்ணுவான்?"

"வேணாம்டா தம்பி," என்றாள் அம்மா. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எரியிற வெளக்கு. அணைஞ்சிதுன்னா நம்ம கை பட்டதாலன்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் மழை பெய்யலன்னாகூட அதான் காரணம்."

அம்மா சொன்னது உண்மை. அதனால்தான் எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

*

மூன்றரைக்கு சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர். மலைவாழ் மக்களின் வெள்ளை மனம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். ஜெயசுதா இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேறொன்றையும் பார்த்தேன். பேச்சின் நடுவில் பொன்னாடை போர்த்த ஆட்கள் மேடையில் நடந்தார்கள். மேடை என்பது காலி டிரம்களின் மேல் பலகை அடுக்கிப் போட்டது. அவர்கள் நடக்கும்போது விளக்கு ஆடியது. உயரமான விளக்கு, ஒல்லியான தண்டு, கீழே கல் மாதிரித் தரை இல்லை, பேசுகிற மரம். ஒருவர் இறங்கிப் போன பிறகும் சிறிது நேரம் ஆடிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தேன். நாலு விநாடிக்குப் பத்து ஆட்டம். மறுபடி பார்த்தேன். பத்துதான்.

ஊஞ்சலை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால், விரலால் தள்ளினாலும் உயரமாகப் போகும். இது பள்ளிக்கூடப் பாடம். பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகியும் வேறு எதற்கும் பயன்படாத பாடம்.

அக்கா மேடைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள். வாரை இழுத்த இழுப்பில் கணுக்காலில் சதை பிதுங்கியது.

"அக்கா. அந்த வெளக்கு நாலு செகண்டுக்குப் பத்து தரம் ஆடுது. அதே வேகத்துல விடாம தட்டினா ஆட்டம் அதிகமாயிட்டே போவும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "விழுமா?"

"விழறதுக்கு முன்னாடி யாராவது ஓடி வந்து புடிப்பாங்க."

"புடிக்கலன்னா?"

"ஈரச் சாக்கு கொண்டாந்து வெச்சிருக்கேன்."

அக்கா சலங்கை வாரை முடிந்தாள். பிறகு எழுந்து நொண்டியவள் போல் ஒரு கால் ஷூவும் ஒரு கால் சலங்கையுமாகக் குமரேசனிடம் நடந்தாள்.

"சார், கார்பெட் வேணாம். பலகை மேலயே ஆடிக்கிறேன். வெளக்க நாங்க தொட மாட்டோம்."

"தொடாம ஆடுனா எனக்கு இன்னா," என்றார் அவர். "அதத்தானம்மா மொதல்லேர்ந்து சொல்றேன். அனுசரிச்சிப் போவணும்."

*

நாலு பத்துக்கு அறிவிப்பு வந்தது. "அடுத்ததாக, நமது மலைவாழ் சகோதரியின் பாரம்பரிய நடனம்."

அக்கா கறுப்புக் கால்சட்டையும் நீலச் சட்டையும் போட்டிருந்தாள். கூட்டத்தில் சலசலப்பு. "இன்னாடா இது, பேன்ட் போட்டுக்கினு பாரம்பரியம்," என்று ஒரு குரல். "பொறு, லாடம் இப்பதான் கட்டியிருக்கு," என்று இன்னொரு குரல். எங்கள் ஊர்க் குரல்கள்தான்.

பரதம் ஆடுகிறவர்கள் ஆரம்பிக்கும் முன் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மிதிக்கப் போவதற்காக நிலத்திடம் கேட்கும் மன்னிப்பு. அக்கா ஷூ போட்டு ஆடும்போதும் அதை விட்டதில்லை. குனிந்து பலகையைத் தொட்டாள். விரல்களில் எண்ணெய். கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. விரல்களைப் பார்த்தாள். சிவப்புக் கார்பெட்டில் நிதானமாகத் துடைத்தாள்.

பிறகு பலகையின் ஓரத்தில் நின்று ஆரம்பித்தாள். ஷூ நுனி, ஷூ குதி, வெறும் பாதம். டக், டிக், தம். மெதுவாக. இலையில் இருந்த அரிசி இரண்டு மூன்று துள்ளியது. எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்கும்.

இரண்டாவது நிமிடத்தில் அந்த வேகத்துக்கு வந்தாள். தகதிமி தகதிமி என்று வாயால் சொல்லிக்கொண்டே, விளக்கைச் சுற்றி, ஒரு முழம் தள்ளி. கால்கள் அரைமண்டியில் மடங்கியிருக்க, கைகள் பக்கவாட்டில் நீண்டிருந்தன. விளக்கைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தாள்.

விளக்கின் தலை அசைய ஆரம்பித்தது. முதலில் விரலளவு. பிறகு கையளவு. ஐந்து சுடர்களும் ஒரே பக்கம் சாய்ந்தன, ஒரே பக்கம் நிமிர்ந்தன. தண்டும் தட்டும் சேரும் திருகுமரையில் பித்தளை கடகடவென்று நடுங்கியது. அடியில் இருந்த ஒலிவாங்கிகள் அதையும் பிடித்தன. மைதானம் முழுவதும் பித்தளையின் நடுக்கம் கேட்டது. ஒலியின் குமிழ் என் கையில் இருந்தது; குறைத்திருக்க வேண்டும். கூட்டினேன்.

கூட்டம் அடங்கியது. மேடை ஓரச் சோபாவில் இருந்த சிறப்பு விருந்தினர் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். குமரேசன் கீழே இருந்து கையைக் காட்டினார், போதும் போதும் என்று. அக்கா தகதிமி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு திரி அணைந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மூச்சு. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நிறுத்து என்று அக்காவுக்குச் சைகை காட்டலாம். காட்டவில்லை. அந்தக் கறை மட்டும்தான் என் கண்ணில் இருந்தது. இரண்டு மாதம் சாமை தூவிய மரம்.

இரண்டாவது திரியும் அணைந்தது.

குமரேசன் ஓடி வந்தார். அந்த அவசரத்திலும் செருப்பைப் படிக்கட்டில் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். ஒரு செருப்புத்தான் கழன்றது. பலகை மேல் ஏறி விளக்கை இரண்டு கையாலும் பிடித்தார், சந்தையில் முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியைப் பிடிப்பது போல. அக்கா நிறுத்தவில்லை. பலகையோடு அவரும் சேர்ந்து குலுங்கினார். அவர் சட்டைப் பையில் இருந்த சில்லறை தாளத்துக்குச் சரியாகக் குலுங்கியது.

"நிறுத்தும்மா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னா நெனச்சிக்கினு கீற?"

"நான் தொடலியே சார்," என்றாள் அக்கா, கால் நிற்காமல்.

"யோவ் குமரேசா, தூக்கிக்கினு இந்தாண்ட வாய்யா," என்றார் சிறப்பு விருந்தினர். "எண்ணெ கொட்டுது."

குமரேசன் தூக்கினார். மூன்று சுடர்களோடு விளக்கை நெஞ்சோடு அணைத்தபடி பலகையை விட்டு இறங்கினார். மேடை ஓரத்தில் இறக்கி வைத்துப் பார்த்தார். டிரம் மேல் போட்ட மேடை அது; அங்கேயும் ஆடியது. மறுபடி தூக்கிக்கொண்டார். தூக்கிய விளக்கோடு படியிறங்கி எல்லார் முன்னாலும் போக அவருக்கு மனம் வரவில்லை போல. அங்கேயே நின்றுவிட்டார்.

பலகை காலியானது. அக்கா நின்றாள். இலையை ஷூ நுனியால் ஓரமாகத் தள்ளினாள். இரண்டு மூச்சு. பிறகு வெறும் பாதத்தைத் தூக்கி நடுவில் வைத்தாள்.

தொம் வந்தது. அடுத்த மிதியில் கால் எண்ணெயில் வழுக்கியது. முழங்கால் மடார் என்று மரத்தில் மோதிய சத்தம் பெருக்கியில் பெரிதாகக் கேட்டது.

"லாடம் கழண்டுகிச்சிடோய்."

சிரிப்பு. அக்கா எழவில்லை. முழங்காலில் இருந்தபடி உள்ளங்கையால் பலகையை அறைந்தாள். ஒருமுறை. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. மறுமுறை, இன்னும் பலமாக. அழகான அடி இல்லை அது. எந்தப் பயிற்சியிலும் அதை அவள் செய்ததில்லை. இரண்டு கையாலும் அறைந்தாள், அறைந்துகொண்டே ஷூவை ஊன்றி எழுந்தாள். எழுந்தபோது சிரிப்பு இல்லை.

பதினாறு நிமிடம் ஆடினாள். கறையைச் சுற்றி ஆடினாள், கறை மேலும் ஆடினாள். எப்படி ஆடினாள் என்று நான் சொல்ல முடியாது. நான் ஒலியின் அளவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை நிமிர்ந்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் வரிசையில் ஒருத்தி மடியிலிருந்த தூக்குப் பாத்திரத்தில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள், தட்டுவது தெரியாமலே. குமரேசன் விளக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

*

முடிந்து இறங்கியதும் குமரேசன் வந்தார். சட்டையின் முன்பக்கம் முழுவதும் எண்ணெய்.

"வேணும்னேதான பண்ணின?"

"வெளக்க நாங்க தொடல சார்," என்றாள் அக்கா.

"ஏத்துன வெளக்க நகத்த வெச்சிட்டியே."

"நகத்துனது நீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம் போலத் தலையைக் குனியப் போனேன். குனியவில்லை. அவர்தான் போனார்.

அம்மா அக்காவின் முழங்காலைப் பார்த்தாள். தோல் உரிந்து வீங்கியிருந்தது. "ரெண்டு திரி அணைஞ்சிது," என்றாள்.

"மூணு எரிஞ்சிதில்லம்மா."

அம்மா முந்தானையால் காலில் இருந்த எண்ணெயைத் துடைத்தாள்.

நாலே முக்காலுக்கு ஜெயசுதா வந்தார். அவருடைய கார் கிளம்பத் தயாராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"பிரமாதமான ஆரம்பம் தேவயானி. விளக்கு நடுங்குறது, அந்த மனுஷன் ஓடி வர்றது, கடைசி வரைக்கும் தூக்கிக்கிட்டே நிக்கிறது. யாரோட யோசனை?"

"யோசனை இல்லீங்க மேடம். எங்க எடத்துல அவங்க வெளக்க வெச்சிட்டாங்க. எடுக்க மாட்டேன்னுட்டாங்க."

"தற்செயலா?" அவர் சிரித்தார். "அப்படின்னாலும் வெச்சுக்கோங்க. பன்னிரண்டு ஊர்லயும் எடுபடும். அந்த வேஷத்துக்கு ஒரு நடிகரைப் போட்டுக்கலாம். இந்த மலை, சடங்கு, இதையெல்லாம் இன்னும் கொஞ்சம் முன்னால கொண்டு வந்தீங்கன்னா, பார்க்கிறவங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்."

அக்காவின் தாடை இறுகியது. குமரேசனிடம் இறுகியதைவிட அதிகமாக.

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "மேடம், தொம் கேட்டுச்சா?" என்றேன்.

"எது?"

"பலகையோட நடுவுல. அந்த சத்தம்."

"எல்லாமே நல்லா கேட்டுச்சும்மா," என்றார். அவர் விளக்கைத்தான் பார்த்திருக்கிறார்.

"வெளக்கு வராதுங்க மேடம்," என்றாள் அக்கா. "வேணும்னா குமரேசன் சாரை மட்டும் இட்டுக்கினு போங்க. வெளக்கு இல்லாமலே நிப்பாரு."

மாமா இருமுவது போல் சிரித்தார். ஜெயசுதா சிரிக்கவில்லை. "கோபத்துல முடிவு பண்ணாதீங்க. யோசிங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மெயில் பண்ணுங்க," என்று சொல்லி காரில் ஏறினார்.

*

வீட்டுக்கு வந்ததும் பலகையை முற்றத்தில் சாய்த்து அடுப்புச் சாம்பலால் தேய்த்தோம். பிறகு சீயக்காய். எண்ணெய் மேலே இல்லை, உள்ளே போய்விட்டது. மாமா விரல் கணுவால் கறையைத் தட்டினார். 'தொம்' இல்லை. நனைந்த துணியில் தட்டுவது போல் ஒரு சத்தம்.

"இழைச்சா போவும்," என்றார். "ஆனா மெலிஞ்சிடும்."

"எவ்ளோ?"

"ஒரு நூலு."

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. அதற்குச் சத்தம் மாறும். டயர் துண்டு, கட்டை எல்லாம் இடம் மாற வேண்டும். நான் அதைச் சொன்னேன்.

"இழைங்க மாமா," என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் மாமா இழைத்தார். பலாவின் மஞ்சள் சுருள் சுருளாக விழுந்தது. கறை ஒரு நூலுக்குள் போகவில்லை. ஒன்றரை நூல் ஆனது. அம்மா யாரும் கேட்காமலே முறத்தில் சாமை கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். நான் தூவினேன். வீங்கிய முழங்காலோடு அக்கா மிதித்தாள். சாமை ஓடியது, ஒதுங்கியது. நிற்காத இடம் நாலு விரல் இடதுபக்கம் நகர்ந்திருந்தது. அங்கே மிதித்தாள். சத்தம் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது. எனக்குப் பழையதுதான் பிடித்திருந்தது. அக்கா அந்த இடத்தை நாற்பது ஐம்பது முறை மிதித்தாள், பழக்குவதற்கு.

மதியம் சிக்னல் கிடைக்கும் பாறைக்குப் போனோம். என் கைப்பேசியில் அக்கா எழுதினாள்.

'பதினைந்து நிமிடம். பலகை, என் இரண்டு கால்கள். விளக்கு கிடையாது. இறகு கிடையாது. சடங்கு கிடையாது. சம்மதம் என்றால் வருகிறேன்.'

"கடைசில நன்றின்னு போடலாம்க்கா."

"எதுக்கு?"

அனுப்பினாள். பாறையில் உட்கார்ந்தோம். வெயில் கொதித்தது. இருவருமே எழுந்து போகவில்லை. வாணியம்பாடிப் பள்ளிக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஷூவின் தகட்டில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சரளைக் கல்லால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்குப் பதில் வந்தது. இரண்டு வரி.

'சரி. வண்டி ஏற்பாடு செய்யணும், பலகையோட எடை எவ்வளவு?'

நான் அதை இரண்டு முறை படித்துக் காட்டினேன். அக்கா கையை நீட்டி வாங்கித் தானும் படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். "நாப்பத்தெட்டு கிலோ," என்றாள். பிறகு, "இல்ல, இப்ப இழைச்சிட்டோமில்ல," என்றாள்.

என் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். பலகையின் படத்தை வரைந்தாள், மூன்று மாதத்துக்கு முன் குமரேசனுக்கு வரைந்து கொடுத்த அதே படம். கீழே எழுதினாள்.

'பலகை மேல் எதுவும் வைக்கக் கூடாது. நாற்காலி கூடாது. மைக் கூடாது. மாலை கூடாது. கார்பெட் கூடாது. சாமி படம் கூடாது. குத்துவிளக்கு கூடாது.'

கடைசி வரியில் பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

"வேற தாள்ல எழுதுக்கா."

"வேணாம்," என்றாள். "இதையே போட்டோ எடுத்து அனுப்பு."